நைட்டிக்கு உண்டு, டாப்ஸுக்கு இல்லை!

ஜவுளிக்கடையில் நைட்டி பிரிவுக்குப் போய் நின்றால், விற்கிற பெண் பெருமையாகச் சொல்கிற விஷயம் ஒன்று உண்டு. "பாக்கெட் வெச்சதுக்கா, பாருங்க." அதே கடையில் அடுத்த மாடிக்குப் போய் லூஸாக ஒரு டாப்ஸ் கேட்டுப் பாருங்கள். மயில் கழுத்து நிறம், மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை, வாடாமல்லி என்று மேஜை முழுக்க விரித்துப் போடுவார்கள். பாக்கெட் இருக்கிறதா என்றால் மட்டும் ஒரு சிரிப்பு வரும். "அதுக்குத்தான் ஹேண்ட்பேக் இருக்கேக்கா!"

ஆக, வீட்டுக்குள் போடுகிற உடுப்புக்குப் பாக்கெட் உண்டு. வெளியே போட்டுக்கொண்டு போகிற உடுப்புக்கு இல்லை. பாக்கெட் எங்கே தேவை? வீட்டில் சாவியை ஆணியில் மாட்டலாம், செல்போனை ஃபிரிட்ஜ் மேல் வைக்கலாம். ரோட்டில் எங்கே வைப்பது?

கருவடிக்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். காலையில் இங்கிருந்து ஸ்கூட்டியில் கிளம்பும் பெண்கள் எத்தனை பேர்! லாஸ்பேட்டை கல்லூரிகளுக்குப் போகிறவர்கள், நேரு வீதிக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், இ.சி.ஆர். பக்கம் போகிறவர்கள். ஒவ்வொருவரிடமும் குறைந்தது மூன்று பொருள் இருக்கும்: செல்போன், வீட்டுச் சாவி, கொஞ்சம் பணம். இதில் செல்போன்தான் இப்போது பர்ஸும் கூட. டீக்கடையில் இருந்து பெட்ரோல் பங்க் வரை அதைக் காட்டித்தான் காசு கொடுக்கிறோம். அப்படிப்பட்ட பொருளை வண்டியின் முன் பெட்டியில் போடுகிறார்கள், இல்லாவிட்டால் கையிலேயே பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். பையில் போட்டால், அந்தப் பை ஒரு நாற்காலியில் மறந்துபோனாலோ, எவனாவது பிடுங்கிக்கொண்டு ஓடினாலோ, பணம், போன், சாவி எல்லாம் ஒரே நேரத்தில் போச்சு. அவசரத்துக்கு வீட்டுக்குக் கூப்பிட ஒரு நம்பர் கூட கையில் இருக்காது. கூட வந்த அண்ணனோ கணவனோ பேன்ட் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாக நடப்பார்.

"நம்ம பெண்கள் உடுப்பில் பாக்கெட் எப்பவுமே கிடையாதே" என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். புடவையில் பாக்கெட் இல்லை. ஆனால் நம் பாட்டிகள் சும்மாவா இருந்தார்கள்? இடுப்பில் சுருக்குப் பை இருந்தது. வெற்றிலை, பாக்கு, சில்லறை, சாவி எல்லாம் அதற்குள். அது இல்லாவிட்டால் முந்தானையில் ஒரு முடிச்சு. மீன் விற்கும் அம்மாக்கள் சுருக்குப் பையைத் திறந்து சில்லறை கொடுப்பதைப் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தன் காசு தன் உடம்போடு இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஐரோப்பாவிலும் கதை கிட்டத்தட்ட இதேதான். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே பெண்கள் பாவாடைக்கு அடியில் இடுப்பில் நாடா கட்டி, அதில் தனிப் பை தொங்கவிட்டார்கள். பாவாடையின் பக்கவாட்டில் ஒரு திறப்பு இருக்கும், அதன் வழியே கையை விடுவார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உடம்போடு ஒட்டிய மெல்லிய கவுன்கள் ஃபேஷன் ஆனதும் அந்தப் பைக்கு இடமில்லாமல் போனது. கையில் பிடிக்கும் குட்டிப் பை வந்தது. ஹேண்ட்பேக்கின் பாட்டி அதுதான் :)

அங்கே சுருக்குப் பை போய் கைப்பை வந்தது போலவே, இங்கே புடவை போய் சுடிதார் வந்தபோது இடுப்பு முடிச்சும் போனது. அதற்குப் பதில் ஒன்றைத் தைத்துக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் ஆண்கள் போடும் ஜிப்பாவைப் பாருங்கள். அதே தளர்ந்த உடம்பு, அதே பக்கவாட்டுத் தையல், அதே கீழ்த் திறப்பு. இரண்டு பக்கமும் பாக்கெட் இருக்கும். பாக்கெட் இல்லாத ஜிப்பாவை ஒரு டெய்லர் தைத்துக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதே வெட்டில் பூப் போட்ட துணியில் தைத்து "குர்த்தி" என்று பெயர் வைத்ததும் பாக்கெட் மாயமாகிவிடுகிறது. தைக்கத் தெரியாததால் இப்படி ஆகவில்லை. வேண்டாம் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

ஜீன்ஸ் போட்டால் தீர்ந்துவிடுமா? அதுவும் இல்லை. 2018-ல் 'தி புட்டிங்' என்ற அமெரிக்க இணைய இதழ் ஆண், பெண் ஜீன்ஸ்களின் பாக்கெட்டுகளை அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸின் முன் பாக்கெட் சராசரியாக 48 சதவீதம் நீளம் குறைவு, 6.5 சதவீதம் அகலம் குறைவு. பாதி பாக்கெட் என்றே சொல்லலாம்.

சரி, கேட்கிறவர்கள் இருந்தும் கடையில் ஏன் வருவதில்லை? காமர்ஸ் பாடத்தில் படிக்கிற தேவை, அளிப்பு கணக்கை வைத்தே இதைப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் பாக்கெட் வைக்க நான்கு துண்டுத் துணியும் சில நிமிடத் தையலும் கூடுதலாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பீஸுக்கு ஐந்து ரூபாய் ஆனாலும், லட்சம் பீஸுக்கு ஐந்து லட்சம். கடையில் தொங்கும்போது கண்ணுக்குத் தெரிவது நிறமும் டிசைனும் விலையும்தான். பாக்கெட் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு ஏன் செலவு என்று கம்பெனி நினைக்கிறது. பாக்கெட் கிடைக்காத பெண்ணும் வேறு வழியில்லாமல் அந்த டாப்ஸையே வாங்கிப் போகிறாள். கணக்கில் "பாக்கெட் இல்லாதது நன்றாக விற்கிறது" என்று ஏறிவிடுகிறது. கேட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போனவள் எந்த லெட்ஜரிலும் ஏறுவதில்லை.

விலை ஏறும் என்ற சாக்கும் இப்போது பலவீனம். முன்பு ஆயிரம் ரூபாய்க்கு மேல் போனால் உடுப்புக்கு 12 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம்தான். 990 ரூபாய் டாப்ஸ் பாக்கெட்டோடு 1,020 ஆனால் வரி எகிறிவிடும் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

"போன் வைத்தால் துணி தொங்கும், புடைத்துக்கொண்டு அசிங்கமாக இருக்கும்" என்பது அடுத்த வாதம். இதில் நியாயம் உண்டு. இப்போதைய போன்கள் சுமார் 200 கிராம் இருக்கும். மெல்லிய ரேயான் துணி அந்தக் கனத்துக்கு இழுபடத்தான் செய்யும். ஆனால் இதற்கெல்லாம் வழி இருக்கிறது:

1. லூஸான டாப்ஸாக இருக்கட்டும். புடைப்பு தெரிவது இறுக்கமான உடுப்பில்தான்.
2. பக்கத் திறப்பு இல்லாத ஏ-லைன், ஃபிராக் மாடல் என்றால் சுலபம். பக்கத் தையலைப் பிரித்துப் பாக்கெட் வைத்துவிடலாம். திறப்பு உள்ளதில் பாக்கெட் வெளியே தலைகாட்டும். அதற்கு முன்பக்கம் ஒட்டுப் பாக்கெட் வைப்பது நல்லது.
3. கை நுழையும் வாய் ஆறரை அங்குலம், ஆழம் ஒன்பது, பத்து அங்குலம் இருக்கட்டும். சின்னதாக வைத்தால் குனிந்தால் போன் விழும்.
4. பாக்கெட்டின் மேல் ஓரத்தை இடுப்புத் தையலோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கனம் இடுப்பில் நிற்கும், துணி இழுபடாது.
5. பாக்கெட்டுக்கு உறுதியான காட்டன் துணி, டாப்ஸின் நிறத்திலேயே. வெளிர் நிறத்துக்கு அடியில் கறுப்புத் துணி நிழலாடும்.

துணிக்குப் பேர்போன ஊர் இது. புதுச்சேரி நீலத் துணி ஒரு காலத்தில் செனகல் வரை கப்பலேறியது. 2020-ல் ஏ.எஃப்.டி. மில்லும் மூடிய பிறகு சங்குச் சத்தம் இல்லை. ஆனால் தையல் மிஷின் சத்தம் இன்னும் தெருவுக்குத் தெரு கேட்கிறது. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பிடித்த நிறத்தில் ஒரு டாப்ஸ் எடுத்து, தெருமுனை டெய்லர் அக்காவிடம் கொடுத்தால் வேலை முடிந்தது.

ஆனால் ஒவ்வொரு பெண்ணும் கூலி கொடுத்துத் தனியாகத் தைத்துக்கொள்ள வேண்டும் என்பது தீர்வு ஆகாது. சட்டை வாங்குகிற ஆண் யாரும் பாக்கெட்டுக்குத் தனிக் கூலி கொடுப்பதில்லையே! அதனால் அடுத்த முறை கடைக்குப் போகும்போது, நிறம் பிடித்திருந்தாலும் ஒரு முறை வாய்விட்டுக் கேளுங்கள். இல்லை என்றால், "பாக்கெட் வெச்சது வந்தா சொல்லுங்க, வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பத்துப் பேர் அப்படிச் சொன்னால், அடுத்த சரக்கு எடுக்கப் போகும்போது கடைக்காரர் கட்டாயம் அதைக் கேட்பார். நைட்டிக்குப் பாக்கெட்டும் அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் வந்திருக்கும்.