பழைய கார் வாங்கப் போறீங்களா? முதலில் பானட்டைத் திறக்காதீர்கள்!

பரளச்சி போன்ற ஊர்களில் கார் என்பது ஆடம்பரம் இல்லை. நடுராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ போக பஸ் கிடைக்காது. அதனால்தான் நகையை அடகு வைத்தாவது ஒரு பழைய காரை வாங்கிப் போடுகிறார்கள். அந்தப் பணம் மழையை நம்பி விதைத்துச் சேர்த்த பணம். ஏமாந்தால் திரும்பச் சம்பாதிக்க இரண்டு மூன்று வெள்ளாமை ஆகும்.

அப்படிப்பட்ட காரை எப்படிப் பார்த்து வாங்குகிறார்கள்? தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போவார்கள். பானட்டைத் திறந்து பார்த்து, ஒரு ரவுண்டு ஓட்டி, ஏசி குளிர்கிறதா என்று பார்ப்பார்கள். உடனே அட்வான்ஸ்! ஆர்.சி. புத்தகத்தைக் கடைசியில்தான் கையில் வாங்குவார்கள். இந்த வரிசையே தப்பு. என்ஜின் கெட்டால் பணம் கொடுத்துச் சரிசெய்யலாம். பேப்பர் கெட்டால் எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது.

வணிகவியல் படிப்பவர்கள் முதல் வருடத்திலேயே படிக்கும் சட்டம் 1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, பொருளைப் பார்த்து வாங்குவது பொதுவாக வாங்குபவரின் பொறுப்பு. இரண்டு, விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்கு வராது (சில விதிவிலக்குகள் உண்டு). ஃபைனான்ஸ் முடியாத காரையும், வேறொருவர் பெயரில் இருக்கும் காரையும் வாங்குபவர்கள் மாட்டுவது இந்த இரண்டாவதில்தான்.

சரி, பேப்பரில் என்ன பார்க்க வேண்டும்?

1. ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா? சேஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில் இருப்பதோடு பொருந்துகிறதா?

2. ஃபைனான்ஸ் பாக்கி உண்டா? கடன் முடிந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும்.

3. அபராத பாக்கி, இன்சூரன்ஸ் தேதி, எஃப்.சி. தேதி. இவற்றை பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரை வைத்துப் பார்க்கலாம்.

4. வண்டிக்கு 15 வயது ஆகப்போகிறதா? 2022 ஏப்ரல் முதல் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆகிவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று சந்தோஷப்படும் முன் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிறகு வண்டியைப் பார்க்கலாம். என்ஜின் சூடாவதற்கு முன் ஸ்டார்ட் செய்து பார்ப்பது நல்லது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கிலோமீட்டர் மீட்டரை அப்படியே நம்பக் கூடாது, அதைக் குறைத்து வைப்பது பழைய தந்திரம். மீட்டர் முப்பதாயிரம் காட்ட, பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் கேள்வி கேட்க வேண்டும். டயரில் இருக்கும் நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 3519 என்றால் 2019-ன் 35-வது வாரம்.

வெள்ளம் பார்த்த காரா என்பதும் முக்கியம். 2015-ல் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டிகள் ஏலத்தில் போய், துடைத்து மெருகேறி மறுபடி சந்தைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் அடியில் சேற்றுக் கோடு தெரியலாம். தரைவிரிப்பைத் தூக்கினால் வாடை சொல்லிவிடும். தண்ணீருக்கு ஏங்கும் கரிசல் காட்டுக்காரர் தண்ணீரில் மூழ்கிய காரை வாங்குவதைவிடக் கொடுமை உண்டா?

இனி விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "தெரிஞ்ச ஆள்தானே, பேரை அப்புறம் மாத்திக்கலாம்" என்பது நம் பக்கத்தில் சர்வசாதாரணம். வட இந்தியாவில் இப்படித்தான் ஒரு கார் அடுத்தடுத்து நான்கு பேர் கை மாறியது. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயர். 2009-ல் அந்தக் கார் இடித்து ஓர் உயிர் போனது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈடும் அவர் பொறுப்பு. காரை 2007-லேயே விற்றுவிட்டேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை!

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் சொந்த வண்டிக்குச் சேதம் வரும்போது கிளெய்ம் கிடைப்பது சந்தேகம்.

சொந்தக்காரரிடம் போய் ஆர்.சி.யைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. பங்காளி என்று பேப்பர் பார்க்காமல் நிலம் வாங்குவோமா? காருக்கும் அதே நியாயம்தான். பெயர் மாறிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுப்பது என்று பழகிவிட்டால் கார் நல்லபடி ஓடும், உறவும் நல்லபடி ஓடும்.