நாடா ரம்பத்திற்குப் பல் எத்தனை?

தச்சுக் கருவிகளைப் பற்றி இப்பகுதியில் எழுதத் தொடங்கிய நாள்முதல் நமக்கு வரும் வினாக்களுள் பெரும்பாலன நாடா ரம்பத்தைப் பற்றியனவே. பணியினின்று ஓய்வு பெற்ற அன்பர் சிலர் வீட்டின் பின்கட்டில் சிறிய இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு மரவேலை பழகுகின்றனர். ஏனையோர் மரத்தைச் சுமந்துகொண்டு ஆரா மில்லுக்குச் செல்கின்றனர். இருசாராரும் கேட்பது ஒன்றே: எந்தப் பட்டையைக் கொண்டு அறுப்பது?

பேண்ட் சா என்று தொழிலாளர் வழங்கும் இவ்வியந்திரத்தில், பல் வெட்டிய எஃகு நாடா ஒன்று முனையோடு முனை இணைக்கப்பட்டு, மேலும் கீழுமாக அமைந்த இரு சக்கரங்களின்மீது ஓயாது ஓடுகின்றது. 1809-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பார் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் நாடாவின் இணைப்பு நிலைத்து நிற்கவில்லை. 1846-இல் பிரான்சு நாட்டுப் பெண்மணி ஆன் போலின் கிரெப்பின், முனைகளை உறுதியாகப் பற்றவைக்கும் முறை ஒன்றைக் கண்ட பின்னரே இந்த ரம்பம் தொழிலுக்குப் பயன்பட்டது. தச்சுப் பட்டறையில் பெண்களுக்கு என்ன வேலை என்று வினவுவோர் இதனைச் சற்றே நினைவிற் கொள்வார்களாக.

இனி, பட்டையைத் தேர்தலில் பலரும் கொண்டுள்ள தவறான எண்ணம் ஒன்றுண்டு. பற்கள் நெருங்கியிருப்பின் அறுவை நேர்த்தியாக அமையும் என்று கருதி, தடித்த மரத்திற்கும் 10 பல், 14 பல் பட்டையையே கேட்டு வாங்குகின்றனர். இங்கே பல் எண்ணிக்கை என்பது ஓர் அங்குல நீளத்தில் உள்ள பற்களைக் குறிக்கும். பல் மரத்தைச் சீவுகின்றது. சீவிய தூளைச் சுமந்து வெளியே கொண்டு செல்வது பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள குழி. பற்கள் நெருங்கினால் குழி சிறுத்துவிடும். ஆறங்குல உயரமுள்ள மரத்தினூடே செல்லும்போது அக்குழி பாதி வழியிலேயே நிரம்பிவிடும். அதன்பின் அப்பல் அறுப்பதில்லை, தேய்க்கின்றது. பட்டை சூடேறும், மரம் கருகும், நாம் மேலும் அழுத்தித் தள்ள, பட்டை மரத்தினுள்ளேயே வளைந்து, பலகை நடுவில் வயிறு தள்ளினாற்போல் வெளிவரும்.

தொழில் அறிந்தோர் கொள்ளும் கணக்கு எளிது. ஒரே நேரத்தில் மரத்தினுள் 3 பற்களேனும் இருத்தல் வேண்டும், 6 முதல் 12 வரை இருப்பின் மிக நன்று, 24-க்கு மேற்படலாகாது. ஆறங்குல மரத்தில் 3 பல் பட்டையை ஓட்டினால் 18 பற்கள் உள்ளே நிற்கும். 10 பல் பட்டையாயின் 60 நிற்கும். பின்னது ஏன் திணறுகின்றது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. அதே 10 பல் பட்டை முக்கால் அங்குலப் பலகைக்கு நன்றாகவே உழைக்கும்.

அண்மையில் அன்பர் ஒருவர் விடுத்த மடல் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அவருடைய தந்தையார் காலமான பின்னர் ஊரிலுள்ள வீட்டை விற்க நேர்ந்ததாம். எஞ்சியது கூடத்து ஊஞ்சற் பலகை ஒன்றே. 5 அடி நீளம், 18 அங்குல அகலம், 2 அங்குலக் கனமுள்ள பழந்தேக்கு. தமக்கும் தமக்கையாருக்கும் ஆளுக்கொரு பாகம் வரும்படி, கனத்தின் வழியே அதனை இரண்டாகப் பிளக்க இயலுமா என்று கேட்டிருந்தார். இயலும். ஆயினும் பிளந்து இழைத்த பின் ஒவ்வொன்றும் முக்கால் அங்குலத்தை ஒட்டியே நிற்கும். அவ்விரண்டில் எதனையும் மீண்டும் சங்கிலியில் மாட்டி ஆள் அமரலாகாது. மேசைக்கோ பூசை மாடத்திற்கோ தான் ஆகும். முழுப் பலகையாக ஒருவர் வீட்டில் ஆடுவதே அழகு என்று நமக்குத் தோன்றினும், உடன்பிறந்தார் இருவரும் மனமொத்துக் கேட்பதை மறுக்க நமக்கு உரிமையில்லை.

பதினான்கு அங்குலச் சக்கரம் கொண்ட சிறிய இயந்திரங்கள் பலவும் 6 அங்குல உயரத்தையே ஏற்கும். ஆகவே பலகையை முதலில் நீளவாக்கில் மூன்று கீற்றுகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் நிமிர்த்திப் பிளந்து, பின்னர் ஓரங்களை ஒட்டிச் சேர்த்தல் வேண்டும். ஒட்டு வேண்டாம் எனின், 18 அங்குலம் ஏற்கும் பெரிய ஆரா மில்லைத் தேடுவதே வழி. எவ்வழியாயினும், வளையங்கள் பூட்டிய ஆணிகளை ஒன்றுவிடாமல் களைந்த பின்னரே பலகை இயந்திரத்தை அணுகலாம். காந்தத்தை மேலெங்கும் தடவிப் பாருங்கள். காந்தம் இரும்பைக் காட்டும், பித்தளையைக் காட்டாது. ஊஞ்சற் பலகைகளில் பித்தளைக் குமிழ்கள் பதிப்பது நம்மவர் வழக்கம் என்பதை மறவற்க. மற்றொன்று: காவிரிக் கரையின் ஈரக் காற்றில் இருந்த மரம், இவ்விதர்ப்ப நாட்டின் வறண்ட வெயிலுக்கு வந்துள்ளது. பிளந்தவுடன் இழைக்கத் தொடங்காமல், இடையிடையே சிறு குச்சிகள் வைத்து அடுக்கிச் சில வாரம் நிழலில் ஆறவிடுதல் நன்று.

சேதாரக் கணக்கும் ஒன்றுண்டு. இங்குள்ள தச்சர் அங்குலத்தின் எட்டில் ஒரு பாகத்தைச் 'சூத்' என்பர். நம் தச்சர் 'நூல்' என்பதும் அதுவே. சொல்லின் பொருளும் ஒன்றே. வட்ட ரம்பம் ஒவ்வோர் அறுவைக்கும் ஏறத்தாழ ஒரு நூல் மரத்தைத் தூளாக்கிவிடும். சிறிய நாடா ரம்பத்தின் மெல்லிய பட்டைக்கு அதிற் பாதிக்கும் குறைவே செல்லும். பல்லார்ஷாவில் தேக்கு வாங்கியவர்க்கு அரை நூலின் விலை என்ன என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

பட்டையின் அகலத்தைப் பொறுத்தவரை, பிளப்பதற்கு அகன்ற பட்டையும் வளைவு அறுப்பதற்குக் குறுகிய பட்டையும் உரியன. அரை அங்குலப் பட்டை சுமார் இரண்டரை அங்குல ஆரமுள்ள வளைவையே திரும்பும். கால் அங்குலப் பட்டை அங்குலத்திற்கும் குறைந்த ஆரத்தில் திரும்பிவிடும். அகலம் மிகுந்தால் நேராக ஓடும் என்று எண்ணி, சிறிய இயந்திரத்தில் முக்கால் அங்குலத் தடித்த பட்டையைப் பூட்டுவதும் வீணே. சிறு சக்கரத்தின்மீது தடித்த எஃகு வளைந்து வளைந்து விரைவில் வெடிப்புறும். அதற்கு வேண்டிய இழுவிசையையும் அவ்வியந்திரம் தாராது. இரண்டே பட்டைகள் வாங்க இயலுமாயின், பிளக்க அரை அங்குலத்தில் 3 பல்லும், பிற வேலைகளுக்குக் கால் அங்குலத்தில் 6 பல்லும் வாங்குக.

சாதாரண கார்பன் எஃகுப் பட்டை விலை குறைந்தது. பழகுவோர்க்கு அதுவே போதும். ஆனால் தேக்கில் மணற்சத்து உண்டு. கூர்மையை விரைவில் தின்றுவிடும். நாள்தோறும் தேக்கறுப்பவர் இரட்டை உலோகப் பட்டையோ கார்பைடு முனைப் பட்டையோ வாங்குவது முடிவில் சிக்கனமே. தேக்குத் தூள் சிலருக்கு மூச்சையும் தோலையும் உறுத்தும். மூக்குக் கவசமின்றி நிற்கலாகாது.

கழித்த ரயில் கட்டைகளை ஏலத்தில் எடுத்துப் பலகையாக்குவோரும் நம்மிடையே உளர். சால மரம் உறுதியானதுதான். ஆனால் அதனுள் ஒடிந்த ஆணியும் பொதிந்த சரளைக்கல்லும் இருக்கக்கூடும். கல்லைக் காந்தமும் காட்டாது. கிரியோசோட்டு எண்ணெய் ஊட்டிய கட்டையாயின் அதன் தூளும் நச்சு. அடுக்களைக்கோ குழந்தைகள் படுக்கும் கட்டிலுக்கோ அது வேண்டவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் பட்டையின் இழுவிசையைத் தளர்த்தி வைக்க. அன்றேல் சக்கரத்து ரப்பரில் பள்ளம் விழும். ஓடுகையில் பட்டை அறுந்து ஓசை எழுந்தால், முதலில் விசையை நிறுத்துக. மேற்சக்கரம் நின்றுவிட்டதென்று கதவைத் திறவாது, கீழ்ச்சக்கரமும் முற்றும் நிற்கும்வரை காத்திருந்து, கையுறை அணிந்த பின்னரே பட்டையை எடுக்க.