சனிக்கிழமை மாலையை மறந்த சுயதலைமைத்துவம்

கடந்த மாதம் ஓர் இறையியல் கல்லூரியில் நடைபெற்ற இரண்டு நாள் பயிலரங்கில் கலந்துகொண்டேன். தலைப்பு: கிறிஸ்தவத் தலைவர்களுக்கான சுயதலைமைத்துவமும் தனிமனித ஒழுக்கமும். ஒவ்வொருவருக்கும் ஒரு கையேடு தந்தார்கள். அதன் முதல் பக்கத்தில் எட்டு ஆரங்கள் கொண்ட ஒரு சக்கரம் இருந்தது. ஜெபம், உறக்கம், உணவு, உடற்பயிற்சி, வாசிப்பு, குடும்பம், நேரம், பணம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று நமக்கு நாமே மதிப்பெண் இட்டுக்கொள்ள வேண்டும். நான் உறக்கத்துக்கு மூன்று இட்டேன். எனக்கு அருகில் அமர்ந்திருந்த மூத்த ஆயர் எந்த ஆரத்திலும் எட்டுக்குக் கீழே இறங்கவில்லை. தேர்வெழுதியவரே விடைத்தாளைத் திருத்தும் முறையில் இதைத் தவிர வேறெதை எதிர்பார்க்க இயலும்?

பிற்பகல் அமர்வில் உள்மாவட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்த நற்செய்தியாளர் ஒருவர் எழுந்தார். நான்கு மாதங்களாகத் தமக்கு உதவித்தொகை வரவில்லை என்றும், குழுக்கூட்டத்தில் கணக்கைப் பற்றிக் கேட்டபோது அது தம் வேலையன்று என்று கூறப்பட்டதென்றும் சொல்லி, இந்நிலையில் தம்மை எவ்வாறு நடத்திக்கொள்வது என்று வினவினார். கேள்வியில் சினம் இல்லை. உண்மையாகவே விடை தேடி வந்தவர் அவர். பயிற்றுநர் புன்னகையோடு, சூழ்நிலை நம் கையில் இல்லை, அதற்கு நாம் ஆற்றும் எதிர்வினை மட்டுமே நம் கையில் இருக்கிறது என்றார். பணம் என்ற ஆரத்தில் மனநிறைவை ஒரு வளர்ச்சிப் பகுதியாகக் குறித்துக்கொள்ளும்படியும் அறிவுறுத்தினார். அரங்கம் கைதட்டியது.

அந்தக் கைதட்டல்தான் என்னை இதை எழுதவைக்கிறது.

தன்னடக்கம் வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. அதிகாலையில் எழுந்து ஜெபிப்பவரைப் பழிப்பது என் நோக்கமன்று, எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. என் மறுப்பு வேறு. நம் கல்லூரிகளிலும் சபைகளிலும் இன்று பரப்பப்படும் சுயதலைமைத்துவம், பிறருக்குக் கணக்குக் கொடுக்கும் கடமைக்கு மாற்றாக வைக்கப்படுகிறது. மேலே இருப்பவர் தம்மைத் தாமே அளந்துகொள்கிறார். கீழே இருப்பவரோ தம்மைத் தாமே அடக்கிக்கொள்ளும்படி கற்பிக்கப்படுகிறார். ஒரே சொல் இருவருக்கும் இருவேறு வேலைகளைச் செய்கிறது.

பயிற்றுநர் முன்வைத்த முன்மாதிரி வில்லியம் கேரி. நான் வசிக்கும் கொல்கத்தாவிலிருந்து செராம்பூர் உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த தொலைவு. என் ஆய்வும் அந்தச் சமூகத்தைப் பற்றியதே. ஆகவே இவ்விடத்தில் சற்று விரிவாகப் பேச அனுமதியுங்கள்.

மேடையில் காட்டப்பட்ட கேரி ஒரு தனிமனிதர். செருப்புத் தைத்தவர், சொந்த முயற்சியால் மொழிகளைக் கற்றவர், விடியுமுன் எழுந்து நள்ளிரவு வரை மொழிபெயர்த்தவர். 1812 மார்ச் மாதத்தில் அச்சகம் தீக்கிரையாகி, ஆண்டுக்கணக்கான கையெழுத்துப் படிகள் அழிந்தபோது மீண்டும் தொடங்கியவர். இவை யாவும் உண்மையே. ஆனால் 1800 ஜனவரியில் டேனிஷ் ஆட்சியின் கீழிருந்த செராம்பூரில் குடியேறிய சில நாட்களிலேயே அவர்கள் வகுத்துக்கொண்ட வீட்டுவிதிகளைப் பயிற்றுநர் சொல்லவில்லை. அவற்றை வில்லியம் வார்ட் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே உணவு மேசை, ஒரே பணப்பை. எவரும் தனிப்பட்ட முறையில் வணிகம் செய்யலாகாது. வீட்டு நிர்வாகம் மாதந்தோறும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும். பிரசங்கமும் ஜெபமும் முறைவைத்து. சனிக்கிழமை மாலையோ, அவ்வாரத்தில் தங்களுக்குள் எழுந்த மனத்தாங்கல்களைப் பேசித் தீர்த்து, ஒருவரையொருவர் நேசிப்பதாக மறுபடியும் உறுதிகூறுவதற்கென ஒதுக்கப்பட்டது.

அந்தச் சனிக்கிழமை மாலையை எண்ணிப் பாருங்கள். வங்காள மொழிபெயர்ப்பாளரும், பள்ளி நடத்துபவரும், அச்சுக்கோப்பவரும் ஒரே அறையில் அமர்ந்து, நீ இன்னதைச் செய்தாய், அது என்னைப் புண்படுத்தியது என்று முகத்துக்கு நேரே சொல்லும் நேரம் அது. எட்டு ஆரச் சக்கரத்தில் இதற்கு இடமேயில்லை. 1801 முதல் கேரி வில்லியம் கோட்டைக் கல்லூரியில் பணியாற்றிப் பெற்ற ஊதியம் மாதம் ஐந்நூறு ரூபாய், பின்னர் ஆயிரம். அக்காலத்தில் அது பெருந்தொகை. கைச்செலவுக்கெனச் சிறு பகுதி போக அது பொதுப் பணப்பைக்குச் சென்றது. ஹன்னா மார்ஷ்மன் நடத்திய பள்ளியின் வருவாயும் அங்கேதான் சென்றது. (தியாகத்தைப் பற்றிய நம் சொற்பொழிவுகளில் ஹன்னாவின் பெயர் எவ்வளவு அரிதாக ஒலிக்கிறது என்பதையும் இங்கேயே குறித்துவைக்கிறேன்.) 1805 அக்டோபரில் அவர்கள் இயற்றிய உடன்படிக்கை பதினொரு பகுதிகள் கொண்டது. ஆண்டுக்கு மூன்று முறை ஒவ்வொரு நிலையத்திலும் அதை எல்லார் முன்னிலையிலும் உரக்க வாசிக்கவேண்டும் என்றும் முடிவுசெய்தார்கள்.

ஆக, கேரியின் ஒழுக்கம் என்று நாம் போற்றுவதில் பெரும்பகுதி கேரி தனியே கட்டியதன்று. பிறர் கண்முன் அவர் வாழ்ந்ததால் விளைந்தது.

இதன் மறுபக்கம் இன்னும் கடுமையானது. முதல் மனைவி டாரதி தயக்கத்தோடுதான் 1793இல் கப்பலேறினார். மறு ஆண்டு ஐந்து வயதுச் சிறுவன் பீட்டர் இறந்தான். அதன்பின் அவர் மனநிலை குலைந்தது. 1807 டிசம்பரில் இறக்கும்வரை அது மீளவில்லை. இந்திய மொழிகளில் வேதாகமம் உருவான அதே வீட்டில், அடுத்த அறையில், ஒரு பெண் பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வாறு வாழ்ந்தார். கேரியின் பொறுமையைப் புகழும் பிரசங்கங்களில் டாரதி ஒரு தடையாக வந்துபோகிறார். அவரை ஒரு மனுஷியாக நான் அங்கே கண்டதில்லை. ஒருவரின் ஒழுங்கான கால அட்டவணைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கேள்வியை எந்தப் பயிலரங்கும் எழுப்புவதில்லை.

பிள்ளைகளோ கட்டுப்பாடின்றி வளர்ந்தார்கள். தந்தை அதைக் கண்டு வருந்தினார், ஆனால் மென்மையான மனத்தால் திருத்த இயலாதிருந்தார் என்பது ஹன்னா மார்ஷ்மனின் மதிப்பீடு. மூத்தவன் பீலிக்ஸை அரவணைத்து நெறிப்படுத்தியவர் வார்ட். தன் வீட்டை நன்றாய் நடத்தாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் கேட்கிறதல்லவா? அந்த அளவுகோலின்படி கேரி தேறமாட்டார். அவர் தேறாத இடத்தில் நண்பர்கள் நின்றார்கள். அவ்வாறு நிற்கும் உரிமையை அவர் அவர்களுக்குத் தந்திருந்தார்.

செராம்பூரைப் பொற்காலமாக்கிக் காட்டுவதும் என் நோக்கமன்று. இங்கிலாந்தில் ஆண்ட்ரூ புல்லர் 1815இல் மறைந்தபின், சொத்துகள் யார் பொறுப்பில் இருக்கவேண்டும் என்பதில் தாய்ச் சங்கத்துக்கும் செராம்பூர் மூவருக்கும் பூசல் மூண்டது. மூத்தவர்களோடு ஒத்துப்போக இயலாத இளம் ஊழியர்கள் கொல்கத்தாவுக்குப் பிரிந்துசென்று தனிப் பணியைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் கேரியின் சொந்தச் சகோதரர் மகன். 1827இல் சங்கத்துடனான பிளவு முறையாகவே அறிவிக்கப்பட்டது. நியாயம் இரு பக்கமும் இருந்தது என்பதே என் கருத்து. ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். சமமானவர்களுக்கிடையே அத்துணை அழகாக இயங்கிய திறந்த மனம் இளையவர்கள் கேள்வி கேட்டபோது சுருங்கிவிட்டது. நமது பேராயங்களையும் நிறுவனங்களையும் அறிந்தவர்களுக்கு இது பழக்கமான காட்சிதான்.

இனி வேதபாடத்துக்கு வருகிறேன். பயிலரங்கின் ஆதார வசனம் கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் நிருபம் ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசி வசனம், சரீரத்தை ஒடுக்குவது பற்றியது. பந்தய வீரன், பயிற்சி, கிரீடம் என உவமை விரிந்தது. ஆனால் அந்த அதிகாரம் முழுவதும் எதைப் பற்றியது? ஊழியருக்கு உண்ணவும் குடிக்கவும் உரிமை உண்டு, மனைவியோடு பயணம் செய்ய உரிமை உண்டு, ஊழியத்தினாலே பிழைக்க உரிமை உண்டு என்று பவுல் அடுக்கிக்கொண்டே போகிறார். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டலாகாது என்ற மோசேயின் சட்டத்தையும் அழைக்கிறார். அதன் பிறகே அந்த உரிமையைத் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார். உரிமையை விட்டுக்கொடுப்பவர் உரிமை உடையவரான அப்போஸ்தலர். உதவித்தொகை வராத நற்செய்தியாளரை நோக்கி அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தை மட்டும் வாசித்துக்காட்டுவது, மாட்டின் வாயைக் கட்டிவிட்டு உபவாசத்தின் மேன்மையை அதற்கு விளக்குவதாகும்.

பணத்தைப் பற்றிய பவுலின் சொந்த நடைமுறையை அறிய விரும்புவோர் கொரிந்தியருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபம் எட்டாம் அதிகாரத்தைப் பார்க்கட்டும். எருசலேமுக்கான காணிக்கையை அவர் தனியே சுமந்துசெல்லவில்லை. சபைகளால் தெரிந்தெடுக்கப்பட்டவரை உடன் அனுப்புகிறார். கர்த்தர் முன்பாக மட்டுமல்ல, மனுஷர் முன்பாகவும் யோக்கியமாய் இருக்கவேண்டும் என்பது அவர் கூறும் காரணம். அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் எபேசுவின் மூப்பர்களிடம் உங்களைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்னும்போது கிரேக்க மூலத்தில் வருவது பன்மை. தீமோத்தேயுவுக்கு அதே போன்ற அறிவுரை ஒருமையில் தரப்படுகிறது என்று நீங்கள் சுட்டலாம். உண்மை. ஆனால் அதற்கு முந்தைய வசனமே, அவனது தேறுதல் யாவருக்கும் விளங்கவேண்டும் என்கிறது. பிறர் காணாத வளர்ச்சியை அந்த நிருபம் அறியாது.

இருபதாம் நூற்றாண்டிலும் இந்தச் சுருக்கும் வேலை நடந்திருக்கிறது. 1948இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் பில்லி கிரஹாமும் அவருடைய குழுவினரும் நான்கு செய்திகளில் உடன்பட்டார்கள்: பணம், பாலியல் ஒழுக்கம், உள்ளூர்ச் சபைகளைப் பழிக்காமை, வந்தோர் எண்ணிக்கையை மிகைப்படுத்தாமை. பிற்காலம் நினைவில் வைத்தது ஒன்றை மட்டுமே: மனைவியல்லாத பெண்ணோடு தனித்திராமை. குழுவின் உடன்படிக்கை ஒரு தனிமனிதரின் விதியாகியது. பணமும் எண்ணிக்கையும் மெல்ல நழுவின. பெண்ணை ஆபத்தாகக் காணும் பார்வை மட்டும் தங்கியது.

1946இல் சென்னையில் பிறந்து உலகப் புகழ்பெற்ற ரவி சகரியாஸின் கதையை இத்துறையில் யாரும் இனித் தவிர்க்க இயலாது. அவர் 2020 மே மாதத்தில் மறைந்தார். அவருடைய நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர்களின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளியாகி, பல பெண்களிடம் அவர் நடந்துகொண்ட கொடிய முறைகேடுகளை உறுதிசெய்தது. 2017இல் ஒரு பெண் முறையிட்டபோது நிறுவனத்தின் தலைமை அவரையே நம்பியது, முறையிட்டவரை நம்பவில்லை. சகரியாஸுக்குத் தன்னொழுக்கம் பற்றிய அறிவு குறைவாக இருந்ததா? அதைப் பற்றி மேடையில் பேச அவரைவிடத் திறமையானவர் சிலரே. இல்லாதிருந்தது அவரிடம் கேள்வி கேட்கக்கூடிய ஒருவரும், அந்தக் கேள்வியை மதிக்கும் ஓர் அமைப்பும்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். நம்மிடம் அமைப்புகளுக்கா குறைவு? குழுக்கள், ஆலோசனைச் சங்கங்கள், தணிக்கையாளர்கள், தேர்தல்கள் எல்லாம் உண்டு. சபைச் சொத்து வழக்குகள் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் நடக்கவும் செய்கின்றன. உள்ளம் திருந்தாமல் அமைப்பால் என்ன பயன் என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. செராம்பூர் விதிகளும் மனம் சுருங்கியபோது உதவவில்லை என்று நானே மேலே எழுதினேன். ஆனால் அந்தப் பாதி உண்மையை எப்போதும் சொல்பவர் யார் என்று கவனியுங்கள். கணக்கு கேட்கப்படுபவர் சொல்கிறார். கேட்பவர் வாயிலிருந்து அதை நான் இதுவரை கேட்டதில்லை.

பல்கலைக்கழகத்தில் இருக்கும் நாமும் இதற்கு வெளியே இல்லை. ஆய்வேட்டின் இயலைத் திருத்தாமல் ஏழு மாதங்கள் வைத்திருக்கும் நெறியாளரும் மாணவரிடம் நேர மேலாண்மையைப் பற்றியே பேசுகிறார்.

அடுத்த கூட்டத்துக்கான அழைப்பு நேற்று வந்தது. பயனாளர் அனுபவத்தைப் பத்து நிமிடம் பகிரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். வர இசைந்தேன். அந்தப் பத்து நிமிடத்தை அந்த நற்செய்தியாளருக்குத் தரவும், அவருடைய அமைப்பின் பொருளாளரை முன்வரிசையில் அமர்த்தி அவர் கேட்பதற்கு விடையளிக்கச் செய்யவும் வேண்டும் என்று கேட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். நாளாகச் சனிக்கிழமை மாலையைப் பரிந்துரைத்திருக்கிறேன்.