‘ஆள் பற்றாக்குறை’ என்னும் பொய்

அசாமின் தேயிலைத் தோட்ட நிர்வாகங்கள் ஒரே புலம்பலை ஆண்டுதோறும் எழுப்புகின்றன: வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, இளைஞர்கள் உடலுழைப்பை வெறுக்கிறார்கள். அதை அப்படியே ஏற்று, ‘தொழிலாளர் பற்றாக்குறை’ என்று தலைப்பிட்டுக் கட்டுரை எழுதும் ஆய்வாளர்களும் உளர். முதலாளியின் சொல்லைக் கடன் வாங்குபவர் அவருடைய முடிவையும் சேர்த்தே வாங்குகிறார்.

தோட்டத்தைவிட்டுச் செல்வோர் எங்கே போகிறார்கள்? கேரளத்தின் கட்டுமானத் தளங்களுக்கும், பெங்களூர், சென்னை போன்ற நகரங்களின் உணவகங்களுக்கும் காவல் பணிகளுக்கும். சிமெண்ட் மூட்டை சுமப்பது கொழுந்து பறிப்பதைவிட இலகுவானதன்று. உழைப்பை வெறுப்பவர் நாட்டின் மறுகோடிவரை சென்று கல்லும் மண்ணும் சுமக்கமாட்டார்.

அவர்கள் வெறுப்பது கூலியை. 2018இல் பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 167 ரூபாய். 2019-20இல் அதே மாநிலத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலி 193 ரூபாய். உலகச் சந்தைக்குச் சரக்கனுப்பும் ஒரு தொழில், வறியோருக்கான அரசுத் திட்டம் தரும் கூலியைக்கூடத் தரவில்லை. தோட்டக் கூலி 250 ரூபாயைத் தொட்டது 2023இல்தான்.

‘வீடும் ரேஷனும் மருத்துவமும் தருகிறோமே’ என்பது நிர்வாகங்களின் மறுமொழி. குடியிருப்பும் மருத்துவமும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்த கடமைகள்; எவருடைய கொடையும் அல்ல. மேலும், லைன் வீடு வேலையோடு கட்டப்பட்டது. குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால் அந்தக் கூரை நிலைக்காது. ஆகவே தாய் ஓய்வு பெறும்போது மகள் கூடையைத் தூக்கவேண்டியிருக்கிறது. அடுத்த தலைமுறையின் உழைப்பைப் பிணையாகப் பெற்றுக்கொண்டு கொடுக்கப்படும் வீட்டை ‘இலவசம்’ என்பது எவ்வகைக் கணக்கு?

வெளியேற்றம் இன்று தோன்றியதும் அன்று. தப்பியோடிய கூலியைப் பிடியாணையின்றிக் கைதுசெய்யும் அதிகாரத்தை 1865ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் துரைகளுக்கு அளித்தது. அது 1908வரை நீடித்தது. 1921இல் சார்கோலா பள்ளத்தாக்கிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பப் புறப்பட்டபோது, சாந்த்பூரில் கூர்க்காப் படையினர் அவர்களைத் தாக்கினர். முன்பு குற்றமாகக் கருதப்பட்டதே இன்று ‘பற்றாக்குறை’ எனப் பெயர் மாறியிருக்கிறது.

தெற்கிலும் இதே கதைதான். 2015இல் மூணாறின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் 232 ரூபாய் நாட்கூலியை 500 ஆக்கக் கோரிப் போராடினர், கிடைத்தது 301. அவர்களுடைய பிள்ளைகள் சமவெளி நகரங்களுக்குச் சென்றுகொண்டிருக்க, அவ்விடத்தை நிரப்ப ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் அழைத்துவரப்படுகின்றனர். அசாமில் ஆளில்லை என்று சொல்லும் தொழில், மூணாறில் அசாமியரைக் கொண்டு கொழுந்து பறிக்கிறது. அது தேடுவது ஆட்களையல்ல, பேரம் பேச இயலாத ஆட்களை.

ஆகவே, ‘ஏன் செல்கிறார்கள்?’ என்ற கேள்வியை ஆய்வாளர்கள் கைவிடட்டும். ஒன்றரை நூற்றாண்டாக அவர்களைப் போகவிடாமல் வைத்திருந்தவை எவை என்பதே கேட்கப்படவேண்டிய கேள்வி.