மூன்று ஆள் வேலைக்கு ஒரு திராட்சை

மூன்று மாசத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் உத்தியோகம். கம்பெனியின் பெயர் வேண்டாம். வழக்குப் போடுகிற அளவுக்கு அவர்களிடம் பணம் இருக்கிறது. வாதாடுகிற அளவுக்கு என்னிடம் இல்லை.

"மாமா, ஒரு திராட்சையைப் பத்து நிமிஷம் தின்னத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

கம்பெனியில் ஒரு பயிற்சியாளரை வரவழைத்திருக்கிறார்கள். அவர் தலைக்கு ஓர் உலர்ந்த திராட்சை கொடுத்தாராம். முதலில் அதைப் பார்க்க வேண்டும். பிறகு முகர வேண்டும். காதருகே வைத்து உருட்டிக் கேட்க வேண்டும். நாக்கில் வைத்துக்கொண்டு கடிக்காமல் இருக்க வேண்டும். கடைசியில்தான் கடிக்கலாம். இதற்கு 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று பெயர். எட்டு வாரம் இப்படிப் பழகினால் எந்தக் கஷ்டத்தையும் தாங்குகிற சக்தி வருமாம்.

இதை அவள் எனக்கு விவரித்தபோது வலது கையில் ரசம் சாதம், இடது கையில் டெலிபோன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் மூன்று தடவை எழுந்து போனாள். அவளோடு வேலை செய்த இரண்டு பேர் விலகிப் போய்விட்டார்கள். அந்த இடங்களுக்கு ஆள் போடவில்லை. அந்த வேலையும் இவள் தலையில். மூன்று ஆள் வேலைக்கு ஒரு ஆள் சம்பளமும் ஒரு திராட்சையும்!

நான் தியானத்துக்கு விரோதி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நான்கு வருஷமாக விடியற்காலையில் இருபது நிமிஷம் மூச்சைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தூக்கம் வராமல் அவஸ்தைப்பட்ட காலத்தில் டாக்டர் சொல்லி ஆரம்பித்தது. எனக்குப் பிரயோஜனப்பட்டிருக்கிறது. என் சண்டை மூச்சோடு அல்ல, அதை விற்கிறவர்களோடு.

இந்த எட்டு வார வகுப்பு எங்கே பிறந்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். 1979-ல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் சர்வகலாசாலை மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஸின் என்பவர் இதைத் தொடங்கினார். அவரிடம் வந்தவர்களில் பலர் தீராத வலிக்காரர்கள். முதுகுவலி, தலைவலி என்று வருஷக்கணக்கில் டாக்டர்களிடம் அலைந்து, இதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிரிக்கப்பட்டவர்கள். வலியை எடுக்க முடியாது. வலியோடு வாழக் கற்றுக்கொடுக்கலாம் என்று அவர் நினைத்தார். நல்ல காரியம். பின்னால் இதே முறையைத் திரும்பத் திரும்ப மனச்சோர்வில் விழுகிறவர்களுக்குத் தக்கபடி மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரிந்தது. 2004-ல் பிரிட்டிஷ் மருத்துவ நெறிமுறைகளிலேயே அதற்கு இடம் கிடைத்தது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால், எடுக்க முடியாத வலிக்குக் கொடுத்த மருந்தை, எடுக்க மனமில்லாத வலிக்குக் கொடுக்கிறார்களே, அது எப்படி நியாயம்? என் மருமகளின் தலைவலிக்குக் காரணம் தெரியாமலா இருக்கிறது? காலியான இரண்டு நாற்காலிகள்தான் காரணம். ஆள் போட்டால் தீர்ந்தது.

2021-ல் அமேஸான் கம்பெனி தன் கிடங்குகளுக்காக ஒரு கூண்டு செய்தது. டெலிபோன் பூத் மாதிரி இருக்கும். ஓடி ஓடிச் சாமான் எடுத்துக் கட்டும் தொழிலாளி களைத்துப் போனால் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மனத்தைச் சாந்தப்படுத்திக்கொள்ள வேண்டியது. இதைப் பெருமையாக விளம்பரம் செய்தார்கள். ஊர் சிரித்தது. விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். கூண்டைச் செய்ய ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. வேலையின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று தோன்றவில்லை பாருங்கள்!

சரி, பலனாவது உண்டா? ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃப்ளெமிங் என்ற ஆராய்ச்சியாளர் பிரிட்டனில் 233 ஸ்தாபனங்களில் வேலை பார்க்கும் 46,336 பேரின் பதில்களை அலசி 2024-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இத்தகைய வகுப்புகளில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சேர்ந்தவர்கள் மேலான நிலையில் இருப்பதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடங்களிலும் பார்த்தார்கள். அதே நாட்டில் 85 பள்ளிகளில் 8,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள். வழக்கமான பாடத்தைவிட இது மேல் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2022-ல் முடிவு வந்தது. அப்படியும் வகுப்புகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆள் போடுவதைவிடத் திராட்சை மலிவு அல்லவா?

தாங்குசக்திக்கு இங்கிலீஷில் 'ரெஸிலியன்ஸ்' என்கிறார்கள். அமுக்கினால் அமுங்கி, விட்டால் பழையபடி நிமிர்கிற குணம் அது. கட்டில் ஸ்பிரிங்குக்கும் ரப்பர் பந்துக்கும் உள்ள குணம். அமுக்குகிற கையைப் பற்றி அந்த வார்த்தையில் ஒரு பேச்சும் கிடையாது.

இந்த இடத்தில் இன்னொரு கோஷ்டி எழுந்து நிற்கும். "இதெல்லாம் நம்மிடமிருந்து போனது ஸார்! நம் பாட்டி அரைத்தபோதே இதைத்தான் செய்தாள்!" என்பார்கள். என் பாட்டி அரைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவள் தியானம் செய்யவில்லை. பதினான்கு பேருக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

போனது உண்மைதான், ஆனால் போனது எது? பாலி பாஷையில் 'ஸதி' என்றொரு வார்த்தை. தமிழில் 'சதி' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம். அதை 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று 1881-ல் மொழிபெயர்த்தவர் ரைஸ் டேவிட்ஸ் என்ற ஆங்கிலேயர். ஸம்ஸ்கிருதத்தில் அதுவே ஸ்மிருதி, அதாவது நினைவு; மறக்காமல் இருப்பது. புத்தர் சொன்ன நான்கு வாய்மைகளில் துக்கம் உண்டு என்பது முதலாவது. அதற்குக் காரணம் உண்டு என்பது இரண்டாவது. திராட்சை வகுப்பில் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

"காரணம் ஆசை என்றுதானே புத்தர் சொன்னார்? மானேஜர் என்று சொல்லவில்லையே!" என்று கெட்டிக்கார வாசகர் மடக்கலாம். சரிதான், ஆசைதான். மூன்று பேர் வேலையை ஒருவர் சம்பளத்தில் முடித்துக்கொள்ள வேண்டும் என்பது யாருடைய ஆசை?

கம்பெனிகளைத் திட்டுவது சுலபம். என் அம்மா கடைசி இரண்டு வருஷம் படுத்த படுக்கையாக இருந்தாள். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும். என் மனைவி செய்தாள். நான் நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் சிடுசிடுப்பு ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் மன அமைதியைப் பற்றிய புத்தகம் ஒன்று வாங்கி வந்து நீட்டினேன். இரண்டு பக்கம் படித்தால் மனசு லேசாகும் என்றும் சொன்னேன். அவள் புத்தகத்தை வாங்கவில்லை.

"அதை மேஜைமேல வச்சுட்டு, இந்தப் பக்கம் வந்து அம்மா தோளைப் பிடிங்க" என்றாள்.

பிடித்தேன். அம்மா அத்தனை கனமாக இருப்பாள் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து இரவு இரண்டு மணி முறை என்னுடையதாயிற்று. அவள் சிடுசிடுப்பு குறைந்தது எந்த வாரம் என்றுகூட என்னால் சொல்ல முடியும். நம் வீடுகளில் "கொஞ்சம் தியானம் பண்ணேன்" என்று மனைவிக்கு யோசனை சொல்கிற கணவன்மார் எத்தனை பேர் பாத்திரம் தேய்த்துவிட்டுச் சொல்கிறார்கள்?

என் மருமகளின் எட்டு வாரம் முடிந்துவிட்டது. போன வாரம் வந்தாள். வகுப்பு மோசமில்லை என்றாள். ஆறாவது வாரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது, மனத்தில் எழுவதைத் தள்ளாமல் பார்க்கும்படி பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். பார்த்திருக்கிறாள். இத்தனை நாள் களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது களைப்பு இல்லையாம்; கோபமாம். மறுநாள் காலையில் உட்கார்ந்து, தன் வேலைகளை மணிக்கணக்கோடு வரிசையாக எழுதி, இரண்டு ஆள் வேண்டும் என்று மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறாள். அவளோடு வகுப்பில் இருந்த மூன்று பேரும் அதே மாதிரி எழுதினார்களாம்.

"பதில் வந்ததா அம்மா?" என்றேன்.

"ஆளைப் பத்தி இன்னும் ஒண்ணும் வரலே மாமா. வகுப்பை மட்டும் அடுத்த வருஷம் வேண்டாம்னு நிறுத்திட்டாங்க."