கமறலும் கலர் புகையும்

போன ஞாயிறு சாயங்காலம். திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறை. பக்கத்தில் பெங்களூரிலிருந்து லீவில் வந்திருந்த அக்கா பையன். பேனா மாதிரி எதையோ எடுத்து உறிஞ்சினான். மாம்பழ வாசனை!

'சிகரெட் இல்ல மாமா, வெறும் ஆவி.'

இட்லிப் பானையிலும்தான் ஆவி வருகிறது. அதை யாரும் அம்மாவுக்குத் தெரியாமல் குடிப்பதில்லை.

அக்காவிடம் போட்டுக் கொடுக்கவில்லை. பஜ்ஜிக் கடைக்குக் கூட்டிப் போனேன். வாணலியில் எண்ணெய் ஏகத்துக்குக் காய்ந்து புகைய, பயலுக்குக் கண் எரிந்து தொண்டை கமறியது.

'இந்தக் கமறலுக்குப் பேர் அக்ரோலின்டா! எண்ணெயில் அடங்கியிருக்கிற கிளிசரின் அதிக சூட்டில் சிதைந்தால் இதுதான். உன் பேனாவிலும் கிளிசரின், புரோப்பிலின் கிளைக்கால். கம்பிச்சுருள் சூடு ஏற ஏற பார்மால்டிஹைடும் வரும். காலேஜ் லேபில் தவளையை ஊறப் போடுவார்களே, அந்தச் சரக்கு! திரி காய்ந்துவிட்டால் இன்னும் மோசம்.'

'சூட்டைக் குறைச்சு வெச்சா?'

'அப்பவும் நிகோடின் நிகோடின்தான். தமிழ்நாட்டில் 2018-லேயே தடை. 2019-ல் நாடு முழுக்கச் சட்டம். விற்றால் முதல் தடவையே ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லை ஒரு லட்சம் வரை அபராதம், சமயத்தில் இரண்டும்!'

பயல் என் சட்டைப் பையைப் பார்த்தான். 'அந்தப் பாக்கெட்ல அக்ரோலின் இல்லியா மாமா?'

இருக்கிறது. சிகரெட் புகையில் தாராளமாகவே. இவன் சின்னப் பையனாக இருந்தபோது இதை வாங்கிவர அனுப்பியதும் நான்தான்.

பேனாவை ஆற்றில் வீச ஓங்கினான். தடுத்தேன். காவிரிக்கு இருக்கிற கஷ்டம் போதாதா?

பேனாவும் பாக்கெட்டும் இப்போது அக்காவின் பீரோவில். இன்று ஐந்தாம் நாள். கை பரபரக்கிறது. போன் பண்ணினேன்; அவனுக்கும்தானாம்.