சுக்கான்காரன் தலையில் பழி

1916 மே மாதம். தென் அட்லாண்டிக் சமுத்திரத்தில் தெற்கு ஜார்ஜியா தீவு. கிரிட்விகன் துறைமுகத்துக்கு அருகே "பார்ச்சூனா" என்ற திமிங்கல வேட்டைக் கப்பல் பாறையில் மோதி நாசமாயிற்று. காரணம் என்ன? சுக்கான் பிடித்த மாலுமி ஊரிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தானாம்! தீவின் கதை சொல்லுகிறவர்கள் இன்றும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சிரிக்கிற கனவான்கள் அந்தக் கப்பலில் ஒரே ஒரு நாள் நின்று பார்த்திருக்க வேண்டும்!

1904-ல் நார்வேக்காரரான கார்ல் அன்டன் லார்சன், பியூனஸ் அயர்ஸ் பணக்காரர்களின் மூலதனத்தைக் கொண்டு கிரிட்விகனில் எண்ணெய் ஆலை வைத்தார். அந்த ஆலைக்கு முதன்முதலாகத் திமிங்கலம் பிடித்துப் போட்டது இந்த பார்ச்சூனாதான். சின்ன நீராவிக் கப்பல். கொடிமர உச்சியில் கட்டிய பீப்பாய்க்குள் ஒருவன் நிற்பான். திமிங்கலம் மூச்சுவிடும்போது எழும் நீர்ப்புகை எங்கே தெரிகிறது என்று பனிக்காற்றில் விறைத்தபடி தேடுவான். அடியிலோ கரி வாரிப் போடுகிறவன் வெந்துகொண்டிருப்பான். பாய்லர் சூட்டைப் பற்றி மில் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஆனால் உங்கள் பாய்லர் தரையில் நிற்கிறது. அவனுடையது அலையில் புரண்டது. கப்பலின் முனையில் பீரங்கி. அதிலிருந்து பாயும் ஈட்டியின் நுனியில் வெடிகுண்டு. மிருகத்தின் உடலுக்குள் போய் வெடிக்கும். பிறகு கயிற்றை விஞ்சில் சுற்றி இழுக்க வேண்டும். செத்தது மூழ்காதபடி அதன் உடலில் காற்றடிக்க வேண்டும். வாலைச் சங்கிலியால் பிணைத்துக் கரைக்கு இழுத்து வரவேண்டும். அங்கே கோடையில் பகல் பதினேழு மணி நேரம். வெளிச்சம் இருக்கிற வரையில் வேட்டைதான்.

இத்தனை பேர் உழைப்பில் பெயர் யாருக்கு? பீரங்கி சுட்டவனுக்கு! திமிங்கலத்துக்கு இவ்வளவு என்று கொழுத்த பங்கும் அவனுக்கே. கரி வாரியவனுக்குக் கிடைத்தது சொற்பம். களத்துமேட்டில் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

எண்ணெய் எங்கே போயிற்று? ஐரோப்பாவின் சோப்பு ஆலைகளுக்கு. சோப்புக் காய்ச்சும்போது கிளிசரின் கிடைக்கும், கிளிசரினிலிருந்து வெடிமருந்து. 1916 என்றால் உலக யுத்தம் மும்முரமாக நடந்த காலம். கிராக்கிக்குக் கேட்க வேண்டுமா?

அந்த யுத்தக் கடலைத் தாண்டி, எப்போதோ வருகிற கப்பலில் வந்து சேர்ந்தது அந்தக் கடிதம். பங்குதாரர் லாபக் கணக்கை வாசித்தால் அது வியாபாரம். மாலுமி வீட்டுக் கடிதத்தை வாசித்தால் குற்றமா? அவன் அன்று எத்தனை மணி நேரம் விழித்திருந்தான், கடைசியாக எப்போது ஊர்ச் செய்தி கேட்டான் என்று சிரிக்கிறவர்களில் ஒருவராவது கேட்டதுண்டா?

பார்ச்சூனா போனதால் கம்பெனி மூழ்கிவிடவில்லை. வேறு கப்பல்கள் வந்தன. கிரிட்விகனில் 1960-கள் வரை எண்ணெய் காய்ச்சினார்கள். லார்சன் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. சுக்கான் பிடித்தவனின் பெயர், நான் கேட்ட எந்தக் கதையிலும் இல்லை.